1916 மே 9: ஒரு மாணவர் கட்டுரை வாசிக்கிறார்

(முதுகலை, ஆய்வு மாணவர்களுக்கான வாசிப்பு வட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பது எப்படி என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். யூடியூபில் தேடினால் இதற்கு நூறு காணொளிகள் கிடைக்கும். நிமிர்ந்து நில், எதிரே இருப்பவர் கண்ணைப் பார்த்துப் பேசு, ஸ்லைடில் எழுத்தைப் பெரிதாகப் போடு என்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் நம் வீடுகளிலிருந்து முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகத்துக்கு வரும் ஒரு பிள்ளைக்கு அந்த அறைக்குள் நுழையும்போது வருகிற நடுக்கம், எழுத்தின் அளவைப் பற்றியது கிடையாது. "இங்கே நின்று பேச நீ யார்?" என்று யாரும் வாய்விட்டுக் கேட்காமலேயே அந்த அறை கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்கு என்ன செய்வது என்பதுதான் நமக்குத் தேவையான பாடம்.

அதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லப்போவதில்லை. நூறாண்டுக்கு முன்பு ஒரு மாணவர் தன் வகுப்பில் வாசித்த கட்டுரை ஒன்று இருக்கிறது. அதைப் பிரித்துப் போட்டுப் பார்ப்போம்.

1916 மே 9. நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம். மானுடவியல் பேராசிரியர் அலெக்சாண்டர் கோல்டன்வைசர் நடத்திய கருத்தரங்கு. வாசித்தவர் பீமராவ் அம்பேத்கர். 25 வயது முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில் 1913இல் அமெரிக்கா போனவர். கட்டுரையின் பெயர் "இந்தியாவில் சாதிகள்: அவற்றின் இயங்குமுறை, தோற்றம், வளர்ச்சி". மறு ஆண்டு, 1917 மே மாதம், "இந்தியன் ஆன்டிகுவரி" இதழில் அது அச்சானது.

நாம் அம்பேத்கரைச் சட்டமேதை என்று பார்க்கிறோம், சிலையாகப் பார்க்கிறோம், நீலக் கோட்டோடு பார்க்கிறோம். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் அவரை உங்களைப் போன்ற ஒரு மாணவராகப் பாருங்கள். கையில் காகிதம், எதிரே பேராசிரியர், சுற்றிலும் வேறு நாட்டவர். என்ன திட்டத்தோடு அவர் அந்தக் கட்டுரையைக் கட்டியிருக்கிறார்?

முதலில் தொடக்கம். கேட்பவர்கள் இந்தியாவைப் பார்த்திராதவர்கள். அவர்களிடம் எடுத்த எடுப்பில் வருணம், மனு என்று அவர் ஆரம்பிக்கவில்லை. பாம்பெய் நகர இடிபாடுகளைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களையும், வழிகாட்டிகள் அங்கே கதை சொல்வதையும், உலகப் பொருட்காட்சிகளையும் நினைவுபடுத்துகிறார். அவற்றைப் போல மனித நிறுவனங்களையும் காட்சிக்கு வைக்கலாம் என்று சொல்லிச் சாதியை நோக்கி அழைத்துப் போகிறார். கேட்பவருக்குத் தெரிந்த இடத்திலிருந்து கிளம்பி, தெரியாத இடத்துக்குக் கைப்பிடித்துக் கூட்டிப்போகிற வேலை இது. நம் கருத்தரங்குகளிலோ முதல் ஐந்து நிமிடம் முகமன் உரையிலேயே போய்விடுகிறது. துறைத் தலைவருக்கு வணக்கம், நெறியாளருக்கு நன்றி, "கல்வி என்பது மனிதனின் மூன்றாவது கண்" என்று ஒரு வாசகம். பதினைந்து நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி.

இரண்டாவது, முன்னோர் ஆய்வு. நம் மாணவர்கள் அதிகம் திணறுகிற இடம் இதுதான். "இவர் இப்படிக் கூறுகிறார், அவர் அப்படிக் கூறுகிறார்" என்று பத்துப் பெயர்களை அடுக்கிவிட்டு, "எனது ஆய்வுக்கு வருகிறேன்" என்று தாண்டிவிடுகிறோம். அம்பேத்கர் நான்கே பேரை எடுக்கிறார். பிரெஞ்சு அறிஞர் செனார், பிரிட்டிஷ் அதிகாரிகளான நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, பிறகு இந்தியரான கேத்கர். ஒவ்வொருவரின் வரையறையையும் மேசையில் வைக்கிறார். ஒவ்வொன்றிலும் எது தேறுகிறது, எது தேறவில்லை என்று சொல்கிறார்.

செனார் தீட்டைப் பிடித்துக்கொண்டார். தீட்டு பொதுவாகச் சடங்கோடும் புரோகிதத்தோடும் ஒட்டிவருவது, சாதிக்கே உரிய உயிர்நாடியாக அதைக் கொள்ள முடியாது என்கிறார். வெளியாரோடு சேர்ந்து உண்ணாமையை நெஸ்ஃபீல்டு அடையாளமாகச் சொன்னார். அது விளைவு, அதைக் காரணம் என்று எடுத்துக்கொண்டுவிட்டார் என்கிறார். ரிஸ்லி 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர், மூக்கை அளந்து இனம் பிரித்த ஆள், பெரிய பெயர். அவருடைய வரையறையில் புதிதாக ஏதும் இல்லை என்று சுருக்கமாக முடித்துவிடுகிறார். கேத்கரை மதிக்கிறார். ஆனால் அவர் சொன்ன இரண்டு அடையாளங்களை எடுத்துப் பார்க்கிறார்: வெளியே மணம் கூடாது என்பது ஒன்று, பிறப்பால் மட்டுமே உறுப்பினராகலாம் என்பது மற்றொன்று. இவை இரண்டல்ல, ஒரே நாணயத்தின் இரண்டு பக்கம் என்கிறார். வெளியே மணம் முடிக்கத் தடை போட்டுவிட்டால், வெளியாள் உள்ளே வரும் வழியும் தானாக அடைபட்டுவிடுகிறது.

இந்த உரசலில் மிஞ்சுவதுதான் அவருடைய வரையறை. சாதியின் உயிர்நாடி அகமணம். தீட்டும் தொழிலும் பந்தியும் அதைச் சுற்றி வருபவை. அடுத்தவர்களின் ஆய்வைப் படித்ததால் என்ன லாபம் என்று யாராவது கேட்டால் இந்த நான்கு பக்கத்தைக் காட்டுங்கள். படித்ததெல்லாம் அவருடைய கேள்விக்கு வேலை செய்கிறது.

மூன்றாவது, வாதத்தின் நடு. இந்தியச் சமூகத்தில் மூத்த வழக்கம் புறமணம்; ஒரே கோத்திரத்துக்குள் மணம் கூடாது என்பது இன்றும் இருக்கிறது. அப்படியிருக்க, புறமணத்தின்மேல் அகமணம் எப்படி வந்து உட்கார்ந்தது? ஒரு கூட்டம் தனக்குள்ளேயே மணம் முடிப்பது என்று தீர்மானித்துவிட்டால் அதற்கு ஒரு கணக்குச் சிக்கல் வரும். மணமாகும் வயதில் ஆணும் பெண்ணும் எண்ணிக்கையில் சமமாக இருக்க வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே நாளில் சாவதில்லை. கணவன் முதலில் செத்தால் ஒரு பெண் உபரி. மனைவி முதலில் செத்தால் ஓர் ஆண் உபரி. உபரிப் பெண்ணை விட்டுவைத்தால், ஒன்று அவள் வெளியே மணம் முடித்து வேலியை உடைப்பாள், அல்லது உள்ளேயே மணம் முடித்து இன்னொருத்திக்குரிய மாப்பிள்ளையை எடுத்துக்கொள்வாள். ஆகவே கணவனோடு எரி. இல்லையென்றால் ஆயுளுக்கும் விதவையாக வை. உபரி ஆணை எரிக்க முடியாது, அவன் ஆண். சந்நியாசியாக்கினால் கூட்டத்துக்கு நட்டம். ஆகவே இன்னும் மணவயதுக்கு வராத சிறுமியைக் கட்டிவை.

சதி, கட்டாய விதவைக்கோலம், சிறுமி மணம். மூன்றுக்கும் ஆயிரம் வருடமாகப் புனிதக் கதைகள் சொல்லி வந்திருக்கிறார்கள். அவை ஒரு சாதி தன் கதவைச் சாத்திவைக்கக் கண்டுபிடித்த கருவிகள், புகழ்மாலையெல்லாம் பிறகு வந்து சேர்ந்தது என்று காட்டுகிறார். ஒரு சொல்லில் வசை இல்லை, ஒரு வரியில் கண்ணீர் இல்லை. ஒரு கணக்கைப் போட்டு விடையை எழுதுகிறார். கேட்பவர் அந்த விடையிலிருந்து தப்ப முடியாது.

இந்தக் கதவைச் சாத்தியது யார், அது எப்படிப் பரவியது என்பது அடுத்த படி. முதலில் தன்னை மூடிக்கொண்டது பார்ப்பன வகுப்பு என்கிறார். மனு சட்டம் போட்டதால் சாதி வந்தது என்ற விளக்கத்தையும் ஏற்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை மனு விதியாக்கினார் என்கிறார். மேலே இருப்பவரைப் பார்த்துக் கீழே இருப்பவர் போலச் செய்வது, சாதிவிலக்கம் செய்து வெளியே தள்ளுவது, இந்த இரண்டு வழியாகப் பரவியது என்கிறார். போலச் செய்தல் என்ற கருத்துக்குப் பிரெஞ்சுச் சமூகவியலர் கேப்ரியல் தார்தைத் துணைக்கு எடுத்துக்கொள்கிறார்.

கடைசியில் தான் சொன்னதை நான்கே முடிவுகளாகத் தொகுக்கிறார். இதுதான் இறுதி முடிவு என்று உரிமை கொண்டாடவில்லை. என் கோட்பாடு நிற்காது என்று காட்டினால் அதைக் கைவிடவும் தயார் என்கிறார். இதை அடக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தன் வாதம் எங்கே உடையக்கூடும் என்று தெரிந்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும்.

இப்போது நம் கதைக்கு வருவோம். உங்களில் பலர் அடுத்த பருவத்தில் கட்டுரை வாசிக்கப்போகிறீர்கள்.

முதல் வேலை: தலைப்பும் கேள்வியும் வேறு வேறு என்று தெரிந்துகொள்ளுங்கள். "தமிழ்நாட்டில் சாதியும் கல்வியும்" தலைப்பு. இதை வைத்து மூன்று மணிநேரம் பேசலாம், எங்கும் போய்ச் சேராது. "எங்கள் ஒன்றியத்தில் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு முடித்த பெண் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு எங்கே போகிறார்கள், எத்தனை பேர் போவதில்லை?" என்பது கேள்வி. இதற்கு நடந்துபோய் விடை தேடலாம். கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுத முடியாதவரை ஸ்லைடைத் திறக்காதீர்கள்.

இரண்டாவது வேலை: நேரம். பதினைந்து நிமிடம் கொடுத்தால் பன்னிரண்டு நிமிடத்துக்கு எழுதுங்கள். வீட்டில் செல்பேசியில் பதிவுசெய்துகொண்டு, உரக்க வாசித்துப் பாருங்கள். மனதுக்குள் வாசித்தால் நேரம் தெரியாது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்தில் வாசிப்பவருக்குச் சொல்லும் கணக்கு நமக்குப் பொருந்தாது. நேரம் முடிந்தது என்று மணி அடித்துவிட்டால், வெட்டுப்படுவது பெரும்பாலும் நம் முடிவுரைதான். நாம் கண்டுபிடித்தது அதில்தான் இருக்கும். அதனால் முடிவை முதல் இரண்டு நிமிடத்திலேயே ஒருமுறை சொல்லிவிடுங்கள். பிறகு யார் வெட்டினாலும் கவலையில்லை.

மூன்றாவது, மொழி. ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டிய கட்டாயம் இருந்தால் வாசியுங்கள். ஆனால் வாதத்தை முதலில் தமிழில் உங்கள் அம்மாவுக்கோ தெருவில் இருக்கும் ஒரு தோழருக்கோ சொல்லிப் பாருங்கள். அவர்கள் "அதனால என்ன?" என்று கேட்கிற இடத்தில் உங்கள் வாதத்தில் ஓட்டை இருக்கிறது. அதை ஆங்கிலத்தின் பின்னால் ஒளித்துவைக்க முடியாது. மறுபக்கமும் உண்டு. ஆங்கில உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிற அறைகள் இருக்கின்றன. அந்தச் சிரிப்பு உங்கள் தரவைத் தொடவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

நான்காவதுதான் பெரியது: கேள்வி நேரம்.

நம் ஊரில் "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்பார்கள். ஊர் பெயரைச் சொன்னால், "ஊர்ல எந்தப் பக்கம்?" என்று அடுத்த கேள்வி வரும். இது எதை விசாரிக்கிறது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கருத்தரங்கிலும் வாய்மொழித் தேர்விலும் இதே விசாரணை வேறு வேடத்தில் வரும். 2006இல் டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் சாதிப் பாகுபாடு பற்றிய புகார்களை விசாரிக்க சுகதேவ் தோரட் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். 2007இல் அந்தக் குழு அறிக்கை கொடுத்தது. தேர்வாளர்கள் நேரடியாகவோ சுற்றிவளைத்தோ சாதியை விசாரித்தார்கள் என்று பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் அந்தக் குழுவிடம் சொன்னார்கள். நாட்டின் முதன்மையான மருத்துவக் கல்லூரியின் நிலை அது. ஆகவே இது உங்கள் மனப்பிரமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

என்ன செய்யலாம்? "எந்த ஊர்?" என்று கேட்டால், "என் ஆய்வுக்களம் இந்த ஒன்றியம், இத்தனை பள்ளிகள்" என்று ஆய்வைப் பதிலாக வையுங்கள். "நீங்களே அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர், நடுநிலையாக எப்படி ஆய்வு செய்வீர்கள்?" என்று கேட்டால், "என் முறையியலில் எந்த இடத்தில் சாய்வு இருக்கிறது என்று காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்" என்று கேளுங்கள். அக்ரகாரத்தைப் பற்றி அக்ரகாரத்தில் பிறந்தவர் எழுதினால் அதற்கு உள்ளிருந்து எழுதிய நூல் என்று பெயர். சேரியைப் பற்றிச் சேரியில் பிறந்தவர் எழுதினால் மட்டும் சாய்வு வந்துவிடுமா? இதற்கும் 1916 கட்டுரையில் விடை இருக்கிறது. கேத்கர் இந்த மண்ணைச் சேர்ந்தவர், கூடவே விமர்சனக் கூர்மையும் திறந்த மனமும் உள்ளவர் என்பதால்தான் அவர் வரையறையைக் கவனிக்கச் சொல்கிறார் அம்பேத்கர். உள்ளே இருந்து பார்ப்பதை ஒரு குறையாக அவர் எண்ணவில்லை.

இதே இடத்தில் இன்னொரு பொறி இருக்கிறது; இதில் நம்மை அன்போடு தள்ளுகிறவர்கள் முற்போக்காளர்கள். "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்பார்கள். அடுத்த அமர்வில் வேறு ஒருவர் வந்து அந்த அனுபவத்துக்குக் கோட்பாடு எழுதுவார். நாம் காயத்தைக் காட்ட வேண்டும், அவர்கள் விளக்கம் சொல்ல வேண்டும். கோபால் குரு 2002இல் "எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி"யில் எழுதிய கட்டுரையில் இந்த வேலைப் பிரிவினையைத்தான் போட்டு உடைத்தார்: இந்தியச் சமூக அறிவியலில் கோட்பாடு ஒரு பக்கத்தாருக்கு, தரவு மறு பக்கத்தாருக்கு என்று அறிவுக்குள்ளேயும் ஒரு வருணம் நடக்கிறது.

கொலம்பியாவில் நின்ற அந்த 25 வயது மாணவருக்குச் சொல்ல அனுபவம் இல்லாமலா இருந்தது? பள்ளியில் தனியே சாக்கில் உட்கார்ந்ததும், தண்ணீருக்குக் காத்திருந்ததும் பின்னாளில் அவரே எழுதியவை. அன்றைய கட்டுரையில் அவற்றைச் சொல்லவில்லை. சாதிக்கு ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். பிறகு, தனக்கு வேண்டிய நேரத்தில், தன் அனுபவத்தையும் தன் கையாலேயே எழுதினார். எதை எப்போது சொல்வது என்பது அவர் கையில் இருந்தது. அந்த உரிமை உங்களுக்கும் இருக்கிறது. அழுதுதான் ஆக வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அழாதே என்று கட்டளையிடவும் முடியாது.

ஒரு மாணவர் கட்டுரையால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். சாதியைக் காப்பது அகமணம் என்று 1916இல் சொன்னவர், 1936இல் லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டலின் மாநாட்டுக்குத் தலைமை உரை எழுதினார். சாதி மறுப்பு மணமே உண்மையான மருந்து, அதற்குத் தடையாக நிற்கும் சாத்திரங்களின் புனிதத்தையே தகர்க்க வேண்டும் என்றார். அழைத்தவர்கள் உரையை முன்கூட்டியே படித்துவிட்டு, சில பகுதிகளை நீக்கச் சொன்னார்கள். ஒரு காற்புள்ளியையும் மாற்ற மறுத்தார். கூட்டமே நடக்கவில்லை. தன் செலவில் அச்சிட்டு வெளியிட்டார். அதுதான் "சாதியை அழித்தொழித்தல்". பெரியாரின் இயக்கம் அதை உடனே தமிழுக்குக் கொண்டுவந்தது. வகுப்பறையில் நோயைக் கண்டறிந்தவர், இருபது ஆண்டு கழித்து மருந்தை எழுதினார். இன்னொரு கிளையையும் பாருங்கள். சாதியைக் காப்பது பெண்ணின் உடலைக் கட்டுப்படுத்துவதன் வழியாகத்தான் என்று தலித் பெண்ணியம் இன்று சொல்கிறதே, அதற்கான வேர் இந்தக் கட்டுரையில் இருக்கிறது என்று ஷர்மிளா ரெகே 2013இல் நூலாகவே தொகுத்துக் காட்டினார்.

நம் மண்ணில் அந்தக் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கட்டுரை வாசித்து நூறாண்டு நிறைவதற்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில், 2016 மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடுத்தெருவில் சங்கரை வெட்டினார்கள். அவரும் ஒரு மாணவர்தான், பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். அகமண வேலியைத் தாண்டி ஒரு பெண்ணை மணந்தார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. சிசிடிவி காட்சியை நாடே பார்த்தது. அதைப் பார்த்துவிட்டு "இது ஏதோ ஒரு குடும்பத்தின் வெறி" என்று பேசினார்கள். குடும்பத்தின் வெறி என்று ஒதுக்கிவிடாமல், ஒரு அமைப்பு தன் கதவைக் காக்கும் முறை என்று அதைப் புரிந்துகொள்ள ஒரு கோட்பாடு தேவைப்படுகிறது. அந்தக் கோட்பாட்டை ஒரு மாணவர் தன் கருத்தரங்கக் கட்டுரையில் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அதனால் உங்கள் கட்டுரையை மதிப்பெண்ணுக்கான சடங்காக மட்டும் எழுதாதீர்கள். உங்கள் ஒன்றியத்தின் பள்ளிக் கணக்கை, உங்கள் ஊர்ச் சுடுகாட்டுப் பாதையின் கணக்கை, உங்கள் கல்லூரி விடுதியின் கணக்கை உங்களைவிடச் சரியாக எடுக்கக்கூடியவர் வேறு யாரும் இல்லை. வாசிக்கப் போகும் நாளில் தனியாகப் போகாதீர்கள். இரண்டு தோழர்களை அழைத்துப் போய் முன்வரிசையில் உட்கார வையுங்கள். ஒருவர் நேரம் பார்க்கட்டும், இன்னொருவர் கேட்கப்படும் கேள்விகளை வார்த்தை மாறாமல் எழுதட்டும். நல்ல கேள்வி என்றால் அடுத்த திருத்தத்துக்கு உதவும். கெட்ட கேள்வி என்றால், எந்த நாளில் யார் என்ன கேட்டார் என்ற பதிவு நம் கையில் இருக்கும். புகார் கொடுக்க வேண்டி வந்தால் அதுதான் முதல் ஆவணம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் ஒரு கேள்வியை, ஒரே வாக்கியத்தில், தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அம்பேத்கரின் 1916 கட்டுரையையும் படித்துவிட்டு வாருங்கள். ஒரே மாலையில் முடித்துவிடலாம். செனாரையும் ரிஸ்லியையும் அவர் விசாரித்ததுபோல உங்கள் கேள்வியை நாங்கள் விசாரிப்போம், அவரையும் சேர்த்து விசாரிப்போம். தார்தின் போலச் செய்தல் கோட்பாடு எல்லா இடத்துக்கும் போதுமா என்று எனக்கே சில சந்தேகங்கள் உண்டு. அதிலிருந்து தொடங்கலாம்.